அடிக்காத சேவல்

நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு இட்லி அரிசியும் அப்பளமும் வாங்கப் போயிருந்தேன். முந்தின நாள் பெய்த மார்கழி மழையில் கடையின் தகரக் கூரை ஒழுகி, வாசலில் இருந்த கம்பு மூட்டை நனைந்துவிட்டிருந்தது. கடைக்காரர் அதைப் பிரித்து ஒரு சாக்கில் பரப்பிக்கொண்டிருந்தார். ஊறி லேசாகப் புளித்த கம்பின் வாசனை. பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். "க்யா சாஹியே, ஆன்ட்டிஜி?" என்ன வேண்டும் என்று அவர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். மூன்றாவது முறைதான் என் காதில் விழுந்தது. "குச் நஹீ, பையா", ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரிசி வாங்காமலே வீடு வந்து சேர்ந்தேன்.

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. சாக்கடை நாலாவைத் தாண்டினால் உன் ஜுக்கிக் குடிசை, எதற்குக் கடிதம்? பிறகு நீ தூரம் போனபோதும் எழுதவில்லை. உனக்குப் படிக்கத் தெரியாது; உன் மகள் தங்கமணிதான் படித்துச் சொல்ல வேண்டும். அவள் வாயால் நீ கேட்கக் கூடாத விஷயம் ஒன்று நம் இருவருக்கும் நடுவில் இருந்தது. இன்று எழுதுகிறேன்.

நீ முதன்முதலாக என் பின்கதவைத் தட்டியபோது அம்மா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் கீழ்த்தளம், இரண்டு அறை, பின்னால் செங்கல் பாவிய ஒரு முற்றம். அம்மாவும் நானும் பல வருடம் இருந்த வீடு. ஆபீசில் ஃபைல்களோடு மல்லாடிவிட்டு வந்தால் மறுநாள் காலை வரை வாயைத் திறக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. மாடி வீட்டில் பாத்திரம் தேய்க்க வருபவள் என்ற அளவில் உன் முகம் தெரியும். தமிழ்க்காரி என்று தெரியாது. உன் கையில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து ஒரு கோழியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ரேடியோவுல தமிழ்ப் பாட்டுக் கேட்டுதுங் மேடம். அந்தத் தைரியத்துல வந்தேன். இத ஒரு வாரம் இங்க உட்டு வெக்கலாமுங்களா? எங்கூட்டுல வெச்சா மத்த கோழி இதக் கொன்னுபோடுமுங்."

முட்டைகூட வாங்காத சைவ வீடு எங்களுடையது. எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ தமிழில் கேட்டாய். அதுதான் காரணமாக இருக்கும்.

அன்றே உன்னை 'நீ' என்று கூப்பிட்டேன். மேடம் என்பது அக்காவானது, ஆனால் நீ என்னைக் கடைசி வரை 'நீங்க' என்றுதான் சொன்னாய். ஒரு தடவை உன் ரேஷன் அட்டைக்கு மனு எழுதும்போது பார்த்தேன், நீ என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அதைச் சொன்னேன். "அதுக்கென்னுங்க்கா, வாய்ல வந்துருச்சு, இருந்துட்டுப் போவுது" என்று சிரித்தாய். நானும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் என்றாய், ஏழு வருடம் ஆனது.

உன் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாய். முற்றத்தில் கோழிக்குத் தண்ணீர் வைக்கும்போது கொஞ்சம், நான் போட்டுக் கொடுத்த காப்பியை ஆற்றும்போது கொஞ்சம். அரவக்குறிச்சிப் பக்கம் உங்கள் ஊர். உன் வீட்டுக்காரர் மேஸ்திரி வேலைக்கு டில்லி வந்தபோது துணிமணியோடு ஒரு கட்டுச்சேவலையும் இரண்டு பெட்டைகளையும் கூடையில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் யமுனைக் கரையில் நடக்கும் சண்டைக்குச் சேவலைத் தூக்கிக்கொண்டு போவார். சேவல் ஜெயித்தது. ஜெயித்த சேவல் வீட்டில் ஒரு நாள் உன் மகள் முகத்தில் பாய்ந்தது. தங்கமணிக்கு அப்போது ஐந்து வயது. இடது கண்ணுக்கு ஒரு விரல் கீழே அதன் கால்முள் இறங்கியது. கண் தப்பியது தெய்வச்செயல் என்றார்கள்.

"ஊருல பெரியவங்க சொல்லுவாங்க, மனுசன அடிக்கற சேவல அன்னைக்கே அறுத்துப்போடணும்னு. சேவல் சேவல அடிக்கறது ஒரு கொணம், மனுசன அடிக்கறது வேறொரு கொணம். அது அவருக்கும் தெரியுமுங்க்கா. செயிக்கற சேவலாச்சேன்னு வெச்சுக்கிட்டாரு."

அடுத்த வருடம் அவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். சேவலும் அதன் குஞ்சுகளும் உன்னிடம் மிஞ்சின. எல்லாவற்றையும் அறுத்துவிடு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நீ அந்தப் பழைய சேவலை மட்டும் அறுத்தாய். மற்றவற்றை வைத்துக்கொண்டாய்.

ஏன் என்று நான் கேட்டேன். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கமணியைக் காட்டினாய். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். உன் மகள் மட்டும் துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு புறா கீழே இறங்கியது. அவள் அப்படியே குந்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். டில்லியில் புறா இல்லாத இடம் எங்கே இருக்கிறது?

"பறக்கற எதப் பாத்தாலும் இப்பிடித்தானுங்க்கா. அவள அடிச்சது எந்த வம்சமோ, அதே வம்சத்துல அடிக்காத ஒண்ண நான் உண்டாக்கி அவ கையில குடுக்கணும். அப்பறம் புறாவுக்கு எதுக்குப் பயப்படப்போறா?"

அது நடக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் உன்னை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. நீ வந்தால் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது.

உன்னிடம் இருந்தது கொஞ்சம்தான். அதனால் டில்லி தூக்கி எறிந்ததையெல்லாம் கொண்டுவந்தாய். மண்டியிலிருந்து ஆப்பிள் பெட்டிகள், காய்கறிக் கடைகளில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலைகள், மாவு மில்லில் கூட்டி அள்ளிய உடைந்த கோதுமை, மாடி வீட்டுக்காரர்களின் காய்ந்த சப்பாத்தி. கம்பை மட்டும் காசு கொடுத்து வாங்கி, ஊறவைத்து, முளை எட்டிப் பார்க்கும்போது போடுவாய். ஊறினால் கொஞ்சம் போட்டாலே வயிறு நிறையும் என்பாய். அம்மாவின் பழைய கூலர் ஒன்று மோட்டார் கெட்டுக் கிடந்தது. தகரப் பெட்டி, மூன்று பக்கமும் காற்றுப் போகும் சட்டங்கள். அதைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. "இதவிட நல்ல கூடு காசு குடுத்தாலும் கெடைக்காதுங்க்கா." அம்மா வெயிலுக்கு அதன் முன்னால்தான் படுத்திருப்பாள். கொடுக்க ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு நானே கழுவிக் கொடுத்தேன்.

என் பங்கு கணக்கெழுதுவது. ஒரு பழைய டைரியில் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு பக்கம். ஃபைல் கட்டும் பச்சை டேக்கின் தகர முனைகளை வெட்டிவிட்டுக் காலில் கட்டுவோம். ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு நாடா, ஒன்றுக்கு வெள்ளை நூல். இரண்டு மாதம் ஆனதும் நீ ஒவ்வொன்றாகச் சோதிப்பாய். கையைக் கீழிருந்து நீட்டுவாய், மேலிருந்து நீட்டுவாய், பக்கத்தில் துடைப்பத்தைப் போடுவாய், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சேவலைக் காட்டுவாய். நீ சொல்லச் சொல்ல நான் ஆபீஸ் பாஷையில் எழுதுவேன். 'கொத்தியது.' 'முறைத்தது, தள்ளிவைத்துப் பார்க்கலாம்.' 'பார்த்தது, பொருட்படுத்தவில்லை, வைத்துக்கொள்ளலாம்.' நான் படித்துக் காட்டினால் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

இரண்டாவது தலைமுறையில் ஒரு சேவல் வந்தது. யாரையும் கொத்தாது, யாரைக் கண்டாலும் ஒதுங்கிவிடும். இதுதான் என்று நான் குதித்தேன். நீ தலையை ஆட்டினாய். "இது பயந்த சேவலுங்க்கா. பயந்தது வேற, சாந்தம் வேற." எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் கூடையைக் கழுவும்போது அந்தச் சேவல் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டது. போக வழி இல்லை என்றதும் பாய்ந்து என் மணிக்கட்டைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்து நான் அழுதேன். நீ மஞ்சளை அப்பிக் கட்டிவிட்டு, "இப்ப எழுதிக்கங்" என்றாய்.

கழித்த சேவல்களைச் சண்டைக்காரர்களுக்கு விற்க உனக்கு மனமில்லை. ஒரு ஆள் பழைய டில்லியிலிருந்து தேடி வந்து, ஒரு டிவி தருகிறேன் என்றான். தங்கமணி டிவிக்கு ஏங்கிக்கொண்டிருந்த வயது. "கறிக்கு வேணா அறுப்பேன், அடிபட்டுச் சாவ உடமாட்டேன்" என்று அவனைத் திருப்பி அனுப்பினாய்.

ஒரே தாயின் சேவலையும் பெட்டையையும் சேர்த்ததில் ஒரு ஈட்டுக் குஞ்சுகள் வளைந்த காலோடு பிறந்தன. வெளி ரத்தம் வேண்டும் என்று மெஹ்ரோலிப் பக்கம் ஒரு கிழவரிடம் ஆறு குஞ்சுகளைக் கொடுத்து ஒரு பெட்டையை மாற்றி வாங்கி வந்தாய். ஒரு ஜனவரிப் பனியில் பதினோரு குஞ்சுகள் ஒரே வாரத்தில் விறைத்துச் செத்தன. சாக்கும் பல்பும் போட்டும் பயனில்லை. அவற்றை நீயே வேப்பமரத்தடியில் புதைத்தாய். மறுநாள் அடை வைக்க முட்டைகளோடு வந்தாய்.

ஐந்தாவது தலைமுறையில் பச்சையன் வந்தான். பச்சை டேக் கட்டியதால் அந்தப் பெயர். கறுப்பு உடம்பில் பச்சை மினுக்கம், கழுத்தில் செம்பு நிறம், முழங்கால் உயரம். வலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சேவல் சிலிர்த்துக்கொண்டு நின்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கம்பைப் பொறுக்கப் போவான். மூலையில் மாட்டினாலும் பாயமாட்டான். தூக்கினால் உன் கையிடுக்கில் கழுத்தைத் தளர விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு வருடம் முழுக்க நீ நம்பவில்லை. தினமும் ஏதாவது ஒரு சோதனை வைத்தாய்.

தங்கமணி அதுவரை முற்றத்துக்கு வந்ததே இல்லை. சமையலறை ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்ப்பாள். பிறகு வாசற்படி வரை வந்தாள். பதின்மூன்று வயதில், நீங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், நீ பச்சையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவள் பின்னாலிருந்து வந்து ஒற்றை விரலால் அவன் முதுகைத் தொட்டாள். தொட்ட விரலை உடனே மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"வந்து பாத்துக்கலாமுங்க்கா, இனி ஆயிரும்" என்றாய்.

உன் அப்பா இறந்த செய்தி வந்துதான் நீ ஊருக்குப் போனாய். பதினைந்து நாளில் திரும்புவதாகப் பேச்சு. பறவைகளை என் பொறுப்பில் விட்டுப் போனாய்.

இருபதாவது நாள் ஆபீசுக்குப் போன் செய்தாய். பின்னால் எஸ்.டி.டி. பூத்தின் இரைச்சல். "அண்ணன் இங்கயே இருந்துக்கச் சொல்றாருங்க்கா. தோட்டத்துல ஒரு சாளை வீடு சும்மாத்தான் கெடக்குது. புள்ளையும் இங்கயே பள்ளிக்கூடம் போலாம்ங்கறாரு. என்னுங் பண்றது?"

நீ என்னிடம் யோசனை கேட்டாய். இன்று எனக்கு அது தெரிகிறது. அன்று நீ முடிவு செய்துவிட்டுச் சொல்வதாகத்தான் கேட்டது. "அச்சா, உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா போன பிறகு இருந்த அந்த ஐந்து மாதம் மறுபடி வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது. ஏழு வருடம் என் முற்றத்தைக் கொடுத்தேன், அம்மாவின் கூலரைக் கொடுத்தேன், போகிறவள் ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லவில்லையே என்று மனம் பொங்கியது.

நான்காம் நாள் நோட்டீஸ் வந்தது. சேவல் கூவுவது பற்றி யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அப்புறப்படுத்தாவிட்டால் குவார்ட்டர் ஒதுக்கீடு மறுபரிசீலனை செய்யப்படும். பயந்தேன், உண்மைதான். ஆனால் உன் அண்ணன் ஊர்க் கடைக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கூவுகிற சேவல்களை நாலு நாள் உன் ஜுக்கிப் பக்கம் யார் வீட்டிலாவது கட்டச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் அவகாசம் இருந்தது. நான் இரண்டாம் நாளே மாடி வீட்டுக்காரர் கூட்டிவந்த ஆளிடம் பச்சையனையும் இரண்டு இளஞ்சேவல்களையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். நஜஃப்கட் பக்கம் தோட்டம் இருக்கிறது, வளர்க்கத்தான் என்றான் அவன். சேவலை வாங்கக் கையை நீட்டியபோது அவன் முன்கையில் நீளநீளமாகத் தழும்புகள். உன் வீட்டுக்காரர் கையில் இருந்ததாக நீ சொல்வாயே, அதே மாதிரி. பார்த்தேன். கேட்கவில்லை.

கையிலிருந்து கைக்குப் போகும்போது பச்சையன் சத்தம்கூடப் போடவில்லை.

ஒன்பது நாள் கழித்து நீ வந்துவிட்டாய். மகளோடு, முருங்கைக்காய்க் கட்டோடு. "அங்க எதுக்குங்க்கா? எல்லாம் இங்கதான இருக்குது" என்று சொல்லிக்கொண்டே நேராக முற்றத்துக்குப் போனாய். நான் சமையலறையிலேயே நின்றேன். நீ திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாய். தங்கமணியை, "நீ போயி ஊட்டத் தொறந்து வையி கண்ணு" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "சொல்லுங்" என்றாய்.

எல்லாவற்றையும் சொன்னேன், என் கோபத்தைத் தவிர. நோட்டீஸை எடுத்துக் காட்டினேன். உனக்குப் படிக்கத் தெரியாது என்பதுகூட அப்போது எனக்கு மறந்துவிட்டது. நீ அந்தக் காகிதத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்து, "போலாம் வாங்" என்றாய்.

மூன்று பஸ் மாறிப் போனோம். அந்த ஆள் வீட்டு வாசலில் நாலைந்து கூடைகள் கவிழ்த்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சேவல். அவன் நம்மை உட்காரச் சொல்லிவிட்டு, நான் கேட்டதும் கையை விரித்தான்.

"வோ? லடா ஹி நஹீ, பெஹன்ஜி. பஸ், கடா ரஹா." சண்டையே போடவில்லை, சும்மா நின்றான் என்று சிரித்தான். எதிர்ச் சேவல் இரண்டு முறை ஏறி அடித்தும் நின்றதாம். எதற்கும் உதவாது என்று அன்றே கறியாக்கிவிட்டார்களாம். இளஞ்சேவல்களை யாருக்கோ கொடுத்தாயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். பஸ் தௌலா குவானைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டாய்.

"ஓடலீங்களாமா?"

"ஓடலையாம். நின்னானாம்."

"அடிச்சப்பறமுமா?"

"ஆமா."

"அப்பப் பயமில்லீங்க்கா" என்றாய். "நெசமாவே சாந்தந்தான்." சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாய். உன் தோளைத் தொட எனக்குக் கை வரவில்லை. இறங்கும்போது மட்டும், "தங்கமணிகிட்டச் சீக்குல செத்துப்போச்சுன்னு சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, நாலாப் பாலத்தில் விறுவிறுவென்று நடந்தாய்.

அதன் பிறகு நீ வரவில்லை. மாடி வீட்டு வேலைக்கு வருவாய், போவாய். என் பின்கதவைத் தட்டவில்லை. பெட்டைகள் என் முற்றத்திலேயே இருந்தன. அதில் மெஹ்ரோலிப் பெட்டையின் மகள் ஒன்று, பச்சையன் இருந்தபோது இட்ட முட்டைகளின் மேல் அடையில் உட்கார்ந்திருந்தது. நான் தண்ணீர் வைத்தேன், கம்பு ஊறவைத்தேன். செய்தது எதுவும் உன்னிடம் போய்ச் சேராது என்று தெரிந்தும் செய்தேன்.

ஆனால் தங்கமணி வந்தாள். தினமும் நான் ஆபீசிலிருந்து வரும் நேரத்துக்குப் புத்தகப் பையோடு வாசலில் உட்கார்ந்திருப்பாள். வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் கொடுப்பதைச் சாப்பிடுவாள். அதிகம் பேசமாட்டாள். பாவம், இந்தக் குழந்தைக்கு விஷயம் தெரியாது, அதனால்தான் வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவேன். இருந்தாலும் சாயங்காலம் ஆனால் அவள் வரவேண்டுமே என்று மனம் தவிக்கும்.

ஏழு குஞ்சுகள் பொரித்தன. நீ இல்லாமல் எனக்குச் சோதிக்கத் தெரியவில்லை. டைரியில் 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதினேன். இரண்டு மாதம் ஆனபோது ஒரு சாயங்காலம், எழுதிக்கொண்டிருந்த தங்கமணியின் காலடியில் ஒரு பெட்டைக் குஞ்சு வந்து படுத்தது. அவள் பென்சிலை நிறுத்தினாள். காலை இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, இரண்டு கையாலும் அதை அள்ளி, பாவாடையில் வைத்துக்கொண்டாள். குஞ்சு கண்ணை மூடிக்கொண்டது.

நான் செருப்புக்கூடப் போடாமல் நாலாவைத் தாண்டி ஓடினேன். நீ குழாயடியில் குடத்தோடு நின்றாய். "வா" என்றேன். மூச்சு வாங்கியது. நீ குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாய். பின்கதவில் நின்று பார்த்தாய். தங்கமணி நிமிர்ந்து, "அம்மா, இதுக்கு நெஞ்சு எப்பிடி அடிக்குது தெரியுமா!" என்றாள். நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். அன்று என் கையால் காப்பி வாங்கிக் குடித்தாய். பச்சையனைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதன் பிறகும் பேசவில்லை.

மறுவருடம் ஜுக்கிகளை இடித்தார்கள். உங்களுக்கு டில்லியின் ஓரத்தில், வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கோழிகளைக் கூலர் பெட்டியோடு டெம்போவில் ஏற்றினோம். அங்கே நான் நான்கு முறைதான் வந்தேன். போகவே இரண்டரை மணி நேரம். ஒரு முறை வந்தபோது உன் தெருப் பிள்ளைகள் அந்தக் கட்டுச்சேவல்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல, அலைந்துகொண்டிருந்தார்கள். நீ வாசலில் கல்லில் உட்கார்ந்து, "பாத்தீங்களா" என்பதுபோல் என்னைப் பார்த்தாய். உன் கண்கள் அப்போதே மஞ்சளாக இருந்தன. வெயிலின் நிறம் என்று நினைத்தேன்.

காமாலை முற்றியபோது தங்கமணி என் ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறாள். நான் அந்த வாரம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பிவந்து மேஜையில் இருந்த சீட்டைப் பார்த்தபோது உன்னை எரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தங்கமணியை அவள் மாமா கூட்டிக்கொண்டு போனார். கோழிகள் தெருக்காரர்களிடம் போயின.

நான் ரிட்டயர் ஆகி, கரோல் பாக்கில் மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். கீழே கடைகள், ஜனம், மெட்ரோ. என் வீட்டுக்குப் படியேறி வருகிறவர் யாரும் இல்லை. தங்கமணி கரூரில் ஒரு துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். போன வருடம் கல்யாணம் ஆனது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வாள்.

நேற்று மார்க்கெட்டிலிருந்து வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நானே அவளுக்குப் போன் செய்தேன். பண்டிகை இல்லாத நாளில் என் குரல் கேட்டுப் பயந்துவிட்டாள். "உடம்பு நல்லாருக்குதுங்களா பெரியம்மா?"

சொல்லிவிட்டேன். சேவல் சீக்கில் சாகவில்லை, நான்தான் கொடுத்தேன், அந்த ஆள் யார் என்று கையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது, உன் அம்மா ஊரிலேயே தங்கிவிடுவாள் என்ற கோபத்தில் செய்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியுமுங்க பெரியம்மா" என்றாள் அவள். "நீங்க கொடுத்துட்டீங்கன்னு அன்னைக்கே அம்மா வந்து சொல்லிப்போட்டாங்க. எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாங்க. தெரிஞ்சா என்ற மூஞ்சியப் பாக்கச் சங்கடப்படுவீங்களாமா."

"தெரிஞ்சுமா தினமும் வந்தே?"

"எனக்கு வரவே புடிக்கலீங். ஒரே அழுவாச்சி. அம்மாதான் தாட்டிவிட்டாங்க. 'என்னால இப்ப அங்க போவ முடியாது கண்ணு, எனக்கு மனசு ஆவுல. நீ போயி இரு. அவங்க ஒண்டியாக் கெடப்பாங்க'ன்னு."

"பெரியம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்காத நாட்கள் அவை. அந்த நாட்களிலும், நாலாவுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, இவள் தனியாக இருப்பாளே என்று நினைத்திருக்கிறாய். அழுகிற பிள்ளையைக் கண்ணைத் துடைத்து அனுப்பியிருக்கிறாய். அம்மாவுக்குப் பிறகு என்னைப் பற்றி அப்படி நினைத்த ஆள் வேறு யாரும் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு நினைப்புதான். அது போதுமா என்றால், போதவில்லை. ஆனாலும் இன்று காலை எழுந்ததிலிருந்து அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நடந்துகொண்டிருக்கிறேன்.